சுவரில் ஒரு சதுர ஜன்னல்

வக்கீலம்மாவைப் போன வாரம் அடுப்படி வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். கையில் போன், போனில் ஒரு செய்தி, முகத்தில் சிரிப்பா கலவரமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு பாவனை. இந்த ஒரு வாரமும் அவள் அங்கேயே நின்றிருக்க மாட்டாள் என்று உங்களுக்கே தெரியும். அவள் இல்லாமல் கீழே கண்ணாடிக்கடையின் கவுன்டர் அரை நாள்கூட ஓடாது.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அவள் சட்டம் படித்தவள் இல்லை. எதைச் சொன்னாலும், எதிரில் இருப்பவர் தலையாட்டும்வரை விடாமல் விளக்குவாள். அதற்காகப் புகுந்த வீட்டில் வைத்த பெயர் அது. படித்தது கம்ப்யூட்டர். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள், பிறகு கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுன்டரைப் பார்த்துக்கொண்டாள். மகள் வளர்ந்து இப்போது தாயின் செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறாள். விட்ட வேலையின் மேல் இருந்த ஆசை மட்டும் போகவே இல்லை.

செய்தி ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து வந்திருந்தது. கம்ப்யூட்டரில் இப்போதுதான் கை வைப்பவர்களுக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். தலைப்பு, ஏபிஐக்கும் வெப் சர்வீசுக்கும் என்ன வித்தியாசம். கேட்டவர்களுக்குப் புரிந்தால், திங்கட்கிழமை தொடங்கும் வகுப்பு அவளுக்கு. புரியாவிட்டால் பழையபடி கவுன்டர்.

கணவரிடம் சொன்னபோது அவர் ஒரு ஃபிரேமுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

அந்த 'போயிட்டு வா' ஒரு வாரமாக அவள் மனதில் முள்ளாக நிற்கிறது. சந்தோஷமா, சலிப்பா, கவுன்டருக்கு இனி யார் என்ற கவலையா? கேட்டிருக்கலாம். ஊருக்கே விளக்கம் சொல்கிறவளுக்குக் கணவரிடம் விளக்கம் கேட்க வாய் வரவில்லை.

மாதிரி வகுப்பு இன்றைக்கு, மதியம் மூன்று மணிக்கு.

*

காலையில் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை. மாணவர்கள் மூன்று பேர். மாமனார், கணவர், கணவரின் தங்கை.

மாமனாருக்குக் கடையின் பின்னறைதான் உலகம். லென்ஸை அறுத்து, ஓரம் தேய்த்து, ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. நாத்தனாருக்குச் சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய உத்தியோகம். வேலை நாளில் அவள் வீட்டு உடையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதிசயம்தான். "லீவு" என்றாள். யாரும் மேலே கேட்கவில்லை.

"ஏபிஐங்கறது ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராம்கிட்ட வேலை வாங்கறதுக்கு ஒத்துக்கிட்ட ஒரு முறை," வக்கீலம்மா தொடங்கினாள். "வெப் சர்வீஸ்னா அதையே நெட்வொர்க் வழியாக் கேட்கறது. எல்லா வெப் சர்வீசும் ஏபிஐதான். ஆனா எல்லா ஏபிஐயும் வெப் சர்வீஸ் இல்ல."

"எல்லாத் தங்கச்சியும் பொண்ணுதான், எல்லாப் பொண்ணும் தங்கச்சி இல்லைங்கற மாதிரி," என்றார் கணவர்.

"அதேதான். புரிஞ்சுதா?"

"தங்கச்சி புரியுது. ஏபிஐதான் புரியல."

மாமனார் ரொட்டியை வைத்துவிட்டு, கல்யாண வீட்டில் தெரியாதவர் பேச்சைக் கேட்பவர் போல மரியாதையாகச் சிரித்தார். "நல்லாத்தான் பேசுறேம்மா. எனக்குத்தான் ஏறல."

இதைவிடத் திட்டியிருக்கலாம்.

"சோப், ரெஸ்ட், எக்ஸ்எம்எல் எல்லாம் ஒரு வரி சொல்லிடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். கணவர் மெதுவாகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதைப் பார்த்துவிட்டு நாத்தனாரே, "சரி, வேணாம். ஓட்டல் உதாரணம் சொல்லுங்க. எல்லாரும் அதான் சொல்றாங்க. நாம கேட்கறதை சர்வர் உள்ளே போய்ச் சொல்லி, சாப்பாட்டை எடுத்துட்டு வர்றார். அந்த சர்வர்தான் ஏபிஐ."

"அப்போ வெப் சர்வீஸ் யாரு?"

நாத்தனார் மேஜையில் விரலால் ஓட்டலை வரைந்து பார்த்தாள். "அதுவும் அந்த சர்வர்தான்."

"வித்தியாசத்தைத்தானே கேட்டிருக்காங்க."

"கஷ்டந்தான் அண்ணி," என்று அவள் கடைசித் துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டாள்.

*

கடையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

கவுன்டருக்கும் மாமனாரின் பின்னறைக்கும் நடுவே ஒரு சுவர். சுவரில் ஒரு சதுர ஜன்னல், அதற்கு ஒரு மரக்கதவு, கதவுக்கு அடியில் இழுத்துத் தள்ளுகிற ஒரு தட்டு. பின்னறைக்குள் யாரும் போகக் கூடாது. தூசி ஆகாது என்பது மாமனார் சொல்லும் காரணம், அவருடைய கோபம் நமக்குத் தெரிந்த காரணம். கண்ணாடி வேண்டுமென்றால் ஒரு கார்டில் முதலில் வலது கண் பவர், அடுத்து இடது கண், அதன் கீழே ஃபிரேம் எண் எழுதி, ஃபிரேமோடு தட்டில் வைத்துக் கதவை இரண்டு தட்டு தட்ட வேண்டும். சரியாக இருந்தால் கண்ணாடி வரும். வரிசை மாறினால் தட்டு அப்படியே திரும்பி வரும். ஒரு வார்த்தை வராது. பெற்ற மகனுக்கும் அதே கதிதான்.

போன வருஷம் நாத்தனார் ஒரு நல்ல காரியம் செய்தாள். வெளியூர்க் கண்ணாடிக்கடைகளும் ஆர்டர் அனுப்புவதற்கு ஒரு ஏற்பாடு. அவர்கள் கடையில் பில் போடும் புரோகிராமே நெட் வழியாகக் கேட்கும், இங்கே பின்னறையில் இருக்கும் பிரிண்டர் அதே கார்டை அதே வரிசையில் அச்சடிக்கும். செய்த கண்ணாடி கூரியரில் போகும்.

ஏற்பாடு கணவருக்குப் பிடித்துப்போயிற்று. ரொம்பவே பிடித்துப்போயிற்று. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்" என்று கவுன்டருக்கு வருகிறவர்களின் ஆர்டரையும் கம்ப்யூட்டரிலேயே போட ஆரம்பித்தார். பத்தடி தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய சேதி, எங்கோ உலகத்தின் ஒரு மூலைக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து பிரிண்டரில் இறங்கியது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. தினமும் மூக்கு கைக்கு எட்டியதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜன்னலின் வேலை, செய்த கண்ணாடியை வெளியே தள்ளுவதோடு சரி.

இன்று பகல் பதினோரு மணிக்கு நெட் போயிற்று.

வக்கீலம்மா மாடியில் புடவையை மாற்றிக்கொண்டு, வாய்க்குள் வகுப்பைச் சொல்லியபடி கீழே இறங்கி வந்தாள். கணவர் கம்ப்யூட்டரின் பின்னால் தலையை விட்டு ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் படுத்துடுச்சு. இன்னிக்கு வேலை அவ்வளவுதான்," என்றார். "இப்பத்தான் ஒரு பஸ் டிரைவர் வந்தார். கண்ணாடி மேலயே உக்காந்துட்டாராம். ரெண்டு மணிக்கு வண்டி எடுக்கணும், கண்ணாடி இல்லாம எடுக்க முடியாதுன்னார். என்ன பண்றது, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன்."

"எதுக்கு அனுப்பினீங்க?"

"நெட் இல்லையே."

"மாமா இருக்காரே."

"அப்பா இருக்கார். ஆர்டர் எப்படி அவர்கிட்ட போகும்?"

வக்கீலம்மா கணவரைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். சுவரிலிருந்த ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே மாமனார், பிரிண்டர் சத்தமே இல்லையே, ஊரில் எல்லோருக்கும் கண் நன்றாகிவிட்டதா என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியே மகன் கடையையே மூடும் யோசனையில் இருக்கிறார். நடுவில் இருப்பது ஒரு மரக்கதவு.

அவள் தெருவுக்கு ஓடினாள். வகுப்புக்கென்று எடுத்துக் கட்டிய புடவை. டிரைவர் முனையைத் தாண்டியிருக்கவில்லை. கண்ணாடி இல்லாததால் சுவரோரமாக நிதானமாக நடந்துகொண்டிருந்தார்.

"வாங்க சார். நெட்தான் போச்சு. கண்ணாடி போடறவர் போகல."

டாக்டர் சீட்டு அவர் பர்சிலேயே இருந்தது. வக்கீலம்மா அவசர அவசரமாகக் கார்டை எழுதி, ஃபிரேமோடு தட்டில் வைத்து இரண்டு தட்டு தட்டினாள். தட்டு உள்ளே போனது. உடனே திரும்பி வந்தது. வார்த்தை இல்லை.

பதற்றத்தில் இடது கண்ணை முதலில் எழுதியிருந்தாள்.

கணவர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். அவள் புதுக் கார்டை வலதிலிருந்து எழுதித் தள்ளினாள். இந்த முறை தட்டு திரும்பவில்லை. உள்ளே சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. டிரைவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. நெட் போனது, வெளியூர் ஆர்டர் நின்றது. ஜன்னல் நிற்கவில்லை. ஒரு வாரமாகப் புத்தகத்தில் தேடியது சுவரில் இருந்திருக்கிறது. வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. நீங்க பண்ணின தப்பு ரொம்ப நல்ல தப்பு."

அவர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று யோசித்தார்.

*

டிரைவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காலண்டரில் கடைசி வரிவரை படித்துப் பார்த்துத் திருப்தியாகப் போனார். பிறகு வாடிக்கையாளர்கள் வரிசையாக வந்தார்கள். நெட் இல்லாத நாளில்தான் எல்லோருக்கும் கண்ணாடி உடையும் போலிருக்கிறது. வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்த்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நிறுத்தத்துக்கு அவள் போய்ச் சேரும் முன்னே பஸ் கிளம்பிவிட்டது.

இருபது அடி போய் அது நின்றது.

"ஏறுங்கம்மா," ஓட்டுநர் இருக்கையிலிருந்து குரல் வந்தது. "உங்க கடைக் கண்ணாடியிலதான் உங்களைப் பார்த்தேன்."

பயிற்சி நிலையத்தில் ஒரு நீளமான அறை. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். முதல் வரிசையில் ஒரு தையல்காரப் பெண், பக்கத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கடைசி வரிசையில், குறிப்பெடுக்கப் பேனாவோடு, நிலையத்தை நடத்தும் அம்மாள்.

வக்கீலம்மா தயாரித்து வந்த படங்களைத் திரையில் போட்டு முதல் வரியைப் படித்தாள். நிமிர்ந்து பார்த்தால், தையல்காரப் பெண்ணின் முகத்தில் காலையில் மாமனார் சிரித்த அதே மரியாதைச் சிரிப்பு.

லேப்டாப்பை மூடினாள். பலகையில் ஒரு சுவர் வரைந்து அதில் ஒரு சதுரம் போட்டாள்.

"எங்க கடையில இப்படி ஒரு ஜன்னல் இருக்கு."

வலது கண், இடது கண், ஃபிரேம் எண் எல்லாம் சொன்னாள். தட்டு வார்த்தையில்லாமல் திரும்பி வருவதைச் சொன்னபோது சிரிப்பு எழுந்தது.

"உள்ளே எந்த மெஷின், எப்படி அறுக்கிறார், எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்ல. எப்படிக் கேட்கணும், கேட்டா என்ன வரும், தப்பாக் கேட்டா என்ன ஆகும். இந்த மூணும் தெரிஞ்சா போதும். அந்த ஜன்னல்தான் ஏபிஐ. ஒரே ஒரு வித்தியாசம். இங்கே நிக்கறது மனுஷங்க. கம்ப்யூட்டர்ல ரெண்டு பக்கமும் நிக்கறது புரோகிராம்."

"வெப் சர்வீஸ்?" என்றார் வாத்தியார்.

"வெளியூர்க்காரங்க எங்க ஜன்னல்ல வந்து தட்ட முடியாதே. அவங்க கடைப் புரோகிராம் நெட்வொர்க் வழியா எங்க கம்ப்யூட்டர்கிட்ட கேட்கும். அதே கார்டு, அதே வரிசை. அதுவும் ஒரு ஜன்னல்தான், ஆனா நெட்வொர்க் இருந்தாத்தான் திறக்கும். அது வெப் சர்வீஸ்."

பிறகு, பகலில் நெட் போனதும் தன் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு எதிரிலேயே நின்றுகொண்டு ஆளைத் திருப்பி அனுப்பிய கதையைச் சொன்னாள். அறையே சிரித்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"சிரிக்காதீங்க, நாமளும் அவர் மாதிரிதான். எல்லாரும் போனை எடுங்க. ஃபிளைட் மோடுல போடுங்க. நெட் போயிடுச்சா? இப்ப ஒரு போட்டோ எடுங்க."

அறை முழுக்கக் கிளிக் கிளிக் என்று சத்தம். தையல்காரப் பெண் வாத்தியாரை எடுத்தாள்.

"அந்த ஆப் கேமராவை எப்படிக் கேட்டுச்சு? போனுக்குள்ளயே இருக்கற ஜன்னல் வழியா. அது ஏபிஐ, ஆனா வெப் சர்வீஸ் இல்ல. சரி, நாளைக்கு மழை வருமான்னு பாருங்க."

"வரலையே," என்றாள் தையல்காரப் பெண். "நெட் இல்லைங்குது."

"ஏன்னா அந்த ஆப் வெளியில எங்கயோ இருக்கற கம்ப்யூட்டரைக் கேட்கணும். அது வெப் சர்வீஸ்."

அவள் போனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ மழை ஜன்னல் வெளியூர் ஜன்னல். கேமரா ஜன்னல் வீட்டு ஜன்னல். ரெண்டும் ஜன்னல்தான்." தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலைப் பார்க்க வக்கீலம்மா எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று நமக்குத் தெரியும். பலகையில் சதுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சதுரம் போட்டாள். சோப்பையும் ரெஸ்ட்டையும் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதெல்லாம் இரண்டாவது வாரம்.

"ஆனா எல்லாரும் எதுக்கெடுத்தாலும் ஏபிஐங்கறாங்களே?" என்று வாத்தியார் விடவில்லை.

"பேச்சுவாக்குல பெரும்பாலும் நெட் வழியாப் போறதைத்தான் அப்படிச் சொல்றாங்க. சொல்லிட்டுப் போகட்டும். நமக்கு வித்தியாசம் தெரிஞ்சா, நெட் போனா எது நிக்கும் எது நிக்காதுன்னு தெரியும். கடையை மூட மாட்டோம்."

"இன்னொண்ணு. உள்ளே இருக்கறவர் ஒரு நாள் வரலைன்னா?"

"வேற யாராவது உள்ளே உக்காரலாம். ஜன்னலும் கார்டும் மாறாத வரைக்கும் வெளியே நிக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

சொன்ன வாயோடு, கவுன்டரில் தன் இடத்தில் யார் உட்காருவார்கள் என்ற நினைப்பு வந்து போயிற்று.

வகுப்பு முடிந்ததும் நிலையத்தை நடத்தும் அம்மாள் முன்னால் வந்தார். "திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கே இன்னிக்குத்தான் சரியாப் புரிஞ்சுது. வெளியே சொல்லிடாதீங்க."

*

மாலை அவள் கடைக்குத் திரும்பியபோது கவுன்டரில் மாமனார் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை அந்த நாற்காலியில் அவள் பார்த்ததில்லை. ஒரு பெண்மணிக்கு ஃபிரேம் காட்டி, அந்தம்மாள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?" என்றார் கணவர்.

"திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லிட்டாங்க."

"அதுக்குத்தான் அப்பாவைப் பழக்கிட்டிருக்கேன்."

"எப்போ முடிவு பண்ணீங்க இதை?"

"நீ வந்து சொன்ன அன்னிக்கே அப்பாகிட்ட பேசிட்டேன்."

"கிடைக்காம போயிருந்தா?"

"நீ விட மாட்டியே. எதிர்ல இருக்கறவன் தலையாட்டற வரைக்கும் விட மாட்டியே."

அவளுக்குக் கண் நிறைந்தது. "போயிட்டு வான்னு மட்டும்தானே சொன்னீங்க. ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல."

கணவர் திருப்புளியைக் கீழே வைத்தார். இந்த முறை தலையைத் தூக்கித்தான் பேசினார். "போகணும், போயிட்டு இங்கயே வரணும். எனக்கு வேற என்ன வேணும்?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, பஸ்காரர் கண்ணாடி ரொம்பக் கச்சிதமா இருந்துது. ஓட்டிட்டே என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்."

"பஸ்காரரா?" மாமனார் ஃபிரேமைத் துடைப்பதில் திடீரென்று மும்முரமானார். "அது நான் செஞ்சது இல்லம்மா. நான் அப்போ மாடியில தூங்கிட்டிருந்தேன்."

அதே நேரம் ஜன்னல் கதவு திறந்தது. தட்டு வெளியே வந்தது. தட்டில், பளபளவென்று துடைத்த ஒரு கண்ணாடி.

வக்கீலம்மா கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

அவள் ஒரு கார்டை எடுத்தாள். வேண்டுமென்றே இடது கண்ணை முதலில் எழுதித் தட்டில் வைத்து இரண்டு தட்டு தட்டினாள். தட்டு உள்ளே போனது. உடனே திரும்பி வந்தது. ஆனால் இந்த முறை அதன் பின்னால் அடக்கிய சிரிப்பு ஒன்றும் வந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை அண்ணி? வலது முதல்ல."

வக்கீலம்மா ஜன்னலருகே குனிந்தாள். உள்ளே யாரையும் விடாத மாமனார் நாத்தனாரை விட்டிருக்கிறார். ஒரு நாளில் வருகிற கைத்திறன் இல்லை இது. அப்படியானால் கம்பெனி வேலை?

"ஏண்டி, லீவு எத்தனை நாளைக்கு?"

உள்ளே சக்கரம் நின்றது. தட்டும் வரவில்லை.

"அதுக்கு அந்தக் கார்டுல இடம் கிடையாதும்மா," என்றார் மாமனார், தலையைத் தூக்காமல்.

ஜன்னல் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் சக்கரம் மறுபடியும் சுற்றத் தொடங்கியது.